இயற்கைக் கறுப்பு, எண் ஒன்று

எங்கள் வாரியத்தின் வேலை மருதாணி விற்பது. அந்த மருதாணியைத் தலையில் பூசிக்கொண்டதற்காக என் வேலை போகப் பார்த்தது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம், "நெசமாவா மோகனா?" என்று கேட்கிறார்கள். பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகிறது? வடகரை இயற்கைப் பொருள் மேம்பாட்டு வாரியத்தில் இத்தனை காலம் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், கேளுங்கள்.

டத்தோ கிராமாட் சாலையில் ஒரு பழைய கட்டடத்தில் எங்கள் அலுவலகம். மாடியில் அதிகாரிகள், கீழே விற்பனைக் கவுண்டர். கவுண்டரில் நானும் ஹாஜராவும். மருதாணிப் பொடி, வேப்பிலைச் சோப்பு, தேங்காய் எண்ணெய், தென்னைநார்க் கால்மிதி என்று எல்லாம் விற்போம். எங்கள் தலைக்கு மேலே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பதாகை: 'இயற்கைக்குத் திரும்புவோம்!' அதில் ஒரு பெண் கையில் மருதாணிக் கொத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவளுடைய முடி கன்னங்கரேல் என்று முழங்கால் வரைக்கும் தொங்குகிறது. மருதாணி பூசினால் முடி எப்படி அப்படிக் கறுக்கும் என்று வாரியத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை. சம்பளம் வந்தால் போதும் என்று இருந்தவள் நான்.

நானும் வெகுகாலமாகப் பெட்டியில் வரும் கறுப்புச் சாயம்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் யார்தான் போடவில்லை? போன தீபாவளிக்கு முந்தின நாள் போட்டேன். மறுநாள் காலையில் கண்ணாடியில் என் முகத்தைக் காணோம். கண் இரண்டும் மூடிக்கொண்டு, நெற்றி உப்பி, உதடு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு வேறு யாரோ நின்றாள். என் வீட்டுக்காரர் தியாகராஜன் முறுக்குத் தட்டை அப்படியே போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"அந்தச் சாயத்துல பி.பி.டி.ன்னு ஒரு கெமிக்கல் இருக்கும்மா. உங்க உடம்புக்கு அது ஆகல," என்றார் டாக்டர். "இந்தத் தடவ மூஞ்சி வீங்குச்சு. அடுத்த தடவ தொண்டை வீங்குனா, இங்க வந்து சேர்றவரைக்கும் மூச்சு இருக்கும்னு நான் சொல்ல முடியாது."

பயந்துபோனேன். ஹாஜராதான் தைரியம் சொன்னாள். "ஏன் லா பயப்படுற? நம்ம கிட்டயே மருதாணி குவிஞ்சு கெடக்கு. நான் வருஷக்கணக்கா அதைத்தான் போடுறேன். தூடோங்குக்குள்ள என் தலை எப்படிச் செவந்து கெடக்குன்னு உனக்குத் தெரியாது." முக்காட்டுக்குள் இருக்கும் அவள் தலை எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் நம்பினேன். எங்கள் வாரியத்துப் பொட்டலத்தையே காசு கொடுத்து வாங்கிப்போய்ப் பூசினேன். நரைத்த முடியெல்லாம் பளிச்சென்று ஆரஞ்சாக மாறியது. மூஞ்சி வீங்கவில்லை, அரிக்கவும் இல்லை. தியாகராஜன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தீப்பிடிச்ச மாதிரி இருக்கு, ஆனா நல்லாத்தான் இருக்கு," என்றார். எனக்கு அது போதும்.

வாரியத்துக்குப் போதவில்லை.

மாடியில் தோற்ற நெறிப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதற்கு அதிகாரி திருமதி ஜெயலெட்சுமி. திங்கட்கிழமை காலையில் கவுண்டருக்கு வந்து எங்கள் நகம், செருப்பு, முடி எல்லாவற்றையும் பார்த்து மதிப்பெண் போடுவார். அவர் கையில் ஒரு அட்டை இருக்கும். பெயிண்டுக் கடையில் நிறம் காட்டுவார்களே, அதுபோல வரிசையாக முடிக்கற்றை ஒட்டிய அட்டை. முதல் கற்றை 'இயற்கைக் கறுப்பு, எண் ஒன்று'. அடுத்தது 'இயற்கைக் கறுப்பு, எண் இரண்டு'. கடைசி வரைக்கும் கறுப்புதான். அந்த அட்டையை என் தலைமேல் வைத்துப் பார்த்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார்.

"திருமதி மோகனா, இது இயற்கைக்கு மாறான நிறம்."

"மேடம், இது மருதாணி. நம்ம மருதாணி. இலை."

"இலை பச்சையா இருக்கும். உங்க முடி ஆரஞ்சா இருக்கு. அப்புறம் எப்படி இலைன்னு சொல்றீங்க?"

"அப்ப ஒண்ணுமே பூசாம வெள்ளையா விட்டுடட்டுமா?"

"வெள்ளை இயற்கைதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அது நேர்த்தி கிடையாது. இயற்கையாவும் இருக்கணும், நேர்த்தியாவும் இருக்கணும். அதுக்குத்தான் கறுப்பு."

"கறுப்பு பூசுனா எனக்கு மூஞ்சி வீங்கும் மேடம். டாக்டர் சீட்டு இருக்கு."

"வீக்கம் என் பிரிவுல வராது. அது நலப் பிரிவு," என்று எழுதிக்கொண்டே சொன்னார். பிறகு ஹாஜராவிடம் போனார். அவள் முக்காட்டை மேலும் கீழும் பார்த்தார். "தெரியவில்லை, ஆகவே நேர்த்தி," என்று வாய்விட்டுச் சொல்லி முழு மதிப்பெண் போட்டார். ஹாஜரா சிரிப்பை அடக்க முடியாமல் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவுண்டரில் இருப்பவர்களுக்கு வருடா வருடம் ஒப்பந்தம். தோற்ற மதிப்பெண் இல்லாவிட்டால் ஒப்பந்தம் கிடையாது. தியாகராஜனைப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆள் குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் அவர்தான் சமையல். மகள் பிரியாவுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் பாக்கி. என் ஒருத்தி சம்பளத்தில்தான் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. மூச்சா, சோறா என்று என்னை வந்து கேட்டது ஒரு முடிக்கற்றை அட்டை.

மேல்முறையீடு செய்தேன். மருதாணி இயற்கைப் பொருள்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். யாரிடம்? மருதாணி இயற்கைப் பொருள் என்று நாள் முழுக்க விளம்பரம் செய்யும் வாரியத்திடம். வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொட்டலத்துக்குள்ள இருக்கிறவரைக்கும் அது இயற்கைப் பொருள்கா. நாங்க சர்ட்டிபிகேட் குடுக்கலாம். தலையில ஏறிடுச்சுன்னா அது பயன்படுத்தப்பட்ட பொருள். அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

"அப்ப வாங்குறவங்க பொட்டலத்தப் பிரிக்கவே கூடாதா?"

"பிரிக்கலாம். சர்ட்டிபிகேட்தான் செல்லாது."

யாரோ அவுரிப் பொடியைச் சொன்னார்கள். மருதாணி பூசி அலசிவிட்டு, மேலே அவுரி பூசினால் கறுப்பு வருமாம், அதுவும் இலைதானாம். ஆசையோடு வாங்கிப் போட்டேன். அவசரத்தில் முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் செய்தேனோ என்னவோ, பின்னந்தலை ஆரஞ்சாகவே இருக்க, முன்னந்தலை பாசி பிடித்த மாதிரி பச்சையாகிவிட்டது. திங்கட்கிழமை ஜெயலெட்சுமி மேடம் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"இப்பத்தான் இலை மாதிரி இருக்கு," என்றார். "ஆனா அட்டையில பச்சை இல்லையே."

அன்று கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை. இந்த வயதில், ஒரு தலைமுடிக்காக, பச்சையும் ஆரஞ்சுமாக நிற்க வைத்துவிட்டார்களே என்று.

அதற்குள் மாடியிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. வாரிய இயக்குநர் டாக்டர் சாத்தப்பன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் தலை ஒரு நரை இல்லாமல் பளபளக்கும், மீசையும் அப்படியே. மேசைமேல் கறுப்புப் பொட்டலம் ஒன்று இருந்தது.

"திருமதி மோகனா, உங்க குறைய வாரியம் தீர்த்து வச்சிடுச்சு. புதுச் சரக்கு. 'இயற்கைக் கறுப்பு மருதாணி'. ஒரே பூச்சுல எண் ஒன்று. வெளியீட்டு விழாவுல, மேடையில, பெரியவங்க முன்னால உங்க தலையில பூசிக் காட்டப்போறோம். நம்ம ஊழியரே சாட்சி. எப்படி?"

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'நூறு விழுக்காடு இயற்கை'. பின்பக்கம், மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் பி.பி.டி.

"சார், இதுல அந்தக் கெமிக்கல் இருக்கு சார். எனக்கு ஆகாதது."

"கொஞ்சம்தான். கறுக்கணும்ல?"

"மருதாணி எங்க சார் இருக்கு இதுல?"

"பேர்ல இருக்கு," என்றார்.

பயத்தில் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அன்றே ஒரு பொட்டு எடுத்துக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். விடிவதற்குள் அங்கே கோலிக்குண்டு அளவுக்கு வீங்கி, நீர் கோத்துக்கொண்டது. காலையில் இயக்குநரிடம் போய்க் காதைத் திருப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்கறையாகத்தான் பார்த்தார்.

"பரவாயில்ல. காதுக்குப் பின்னால இருக்கிறது மேடையில தெரியாது," என்றார். "இன்னொன்னு. இப்படித் தடவிப் பார்க்கிறதே வாரியத்து மேல நம்பிக்கை இல்லாத செயல். விழா முடிஞ்ச கையோட உங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலாம்னு இருக்கேன். யோசிச்சுக்கோங்க."

கீழே வந்து ஹாஜராவிடம் சொன்னேன். அவள் பொட்டலத்தை வாங்கி, தராசுக்குப் பின்னால் வீசினாள். "பைத்தியக்காரங்க! உன் தலையில முடி இருக்கிறதாலதானே இந்தப் பாடு? முடியே இல்லைன்னா என்ன பண்ணுவானுங்க?"

கோபத்தில் சொன்னாள். ஆனால் எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தோற்ற நெறிக் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். கடைசியில் இருந்தது: 'சமய நேர்த்திக்கடனுக்காகத் தலை மழித்தல் அனுமதிக்கப்படும்.'

விழா அன்று காலையில் தியாகராஜனோடு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துக்குப் போனேன். மொட்டை போடுகிறவர் கத்திக்குப் புது பிளேடு மாட்டினார். ஆரஞ்சும் பச்சையுமான என் தலையைப் பார்த்தும் ஒன்றும் கேட்காத நல்ல மனிதர்.

"என்ன வேண்டுதல்கா?"

"வேலை."

"கெடைக்கணுமா?"

"இருக்கிறது போகாம இருக்கணும்."

முடி மடியில் விழ விழ நான் முருகனிடம் உள்ளதைச் சொன்னேன். 'அப்பா, இது உனக்குன்னு வாயில சொல்றேன், ஆனா உனக்கு இல்ல. வாரியத்துக்கு. கோவிச்சுக்காதே.' தியாகராஜன் பக்கத்தில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் சந்தனத்தை வாங்கி அவரே என் தலையில் தடவினார். எங்கள் கல்யாணத்தன்று என் பின்னல் எவ்வளவு நீளம் என்று அவர் சித்தி எல்லாரிடமும் சொல்லித் திரிந்தது எனக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மாலையும் குத்துவிளக்கும் ஒரு சுழல் நாற்காலியும். நான் தலையில் சால்வை போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"பெருமக்களே! இயற்கை என்பது தானாக வருவது என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. இயற்கையைத் திட்டமிட்டு உருவாக்க வேண்டும். வாரியம் வருவதற்கு முன்னால் இயற்கை எப்படிக் கிடந்தது? ஒழுங்கில்லாமல் கிடந்தது. இலை ஒரு நிறம், அதைப் பூசினால் ஒரு நிறம், மக்களிடையே குழப்பம்! அந்தக் குழப்பத்திலிருந்து மருதாணியை மீட்டிருக்கிறோம். இனி மருதாணிக்கு இலையை நம்பி இருக்க வேண்டிய அவசியமில்லை!"

கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து சால்வையை எடுத்தேன்.

எல்லாரும் என் மொட்டையையே பார்த்தார்கள். ஹாஜரா மட்டும் "யா அல்லாஹ், மோகனா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர். அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் செய்வேன் என்று நினைக்கவில்லை, பாவம்.

"நேர்த்திக்கடன் சார்," என்றேன். "கையேட்டுல இருக்கு."

முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர், "அதனால என்ன டாக்டர், நீங்களே உட்காருங்களேன்!" என்று சிரித்தபடி சொன்னார். இயக்குநர் மைக்கைக் கீழே இறக்கி, பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாகச் சொன்னார்.

"என் தலையிலயா? அதுல என்ன கருமத்தப் போட்டிருக்கானுங்கன்னு யாருக்குத் தெரியும்? நான் சிங்கப்பூர்ல இருந்து வரவழைச்சுப் போடுறவன்."

மைக்கை இறக்கினாரே தவிர அணைக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. ஆனால் பெரியவர்கள் சொன்னதைக் கேட்காத மாதிரி இருப்பது நம் ஊரில் ஒரு மரியாதை. எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். இயக்குநர் ஜெயலெட்சுமி மேடத்தைக் கைகாட்டினார். அந்த அம்மாள் முகம் வெளுத்து, இரண்டடி பின்னால் போய், "எனக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல சார்," என்றார்.

கடைசியில் தென்னைநார்க் கால்மிதி ஒன்றை நாற்காலியில் வைத்து அதற்குப் பூசினார்கள். அதுவும் வாரியத்தின் இயற்கைப் பொருள்தான். கழுவி எடுத்ததும் நன்றாகத்தான் கறுத்திருந்தது. ஜெயலெட்சுமி மேடம் அட்டையை வைத்துப் பார்த்து, "இயற்கைக் கறுப்பு, எண் ஒன்று," என்று அறிவித்தார். சிறப்பு விருந்தினர் கால்மிதிக்குப் பொன்னாடை போர்த்தினார். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து எங்கள் கவுண்டருக்குக் கொண்டுவந்து, பதாகைக்குக் கீழே வைத்தார்கள்.

என் காரியம் முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஜெயலெட்சுமி மேடம் வந்து, மொட்டைத் தலைமேல் அட்டையை எப்படி வைப்பது என்று தெரியாமல் நின்றார். "மழிக்கலாம். விதி அனுமதிக்குது. ஆனா தலையில நிறமே இல்லாததால மதிப்பெண் போட வழியில்ல. மதிப்பெண் இல்லாம ஒப்பந்தம் போட முடியாது."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "மேடம், ஆரஞ்சு ஆகாது, பச்சை ஆகாது, வெள்ளை ஆகாது, மொட்டையும் ஆகாது. நான் செத்துப்போனா மட்டும் ஆகுமா?" என்று கத்திவிட்டேன். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைக் கையைப் பிடித்துப் பின்னால் சரக்கறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் காதுக்கு மேலே வைத்து, தன் தலைமுடியைத் தொப்பியைக் கழற்றுகிற மாதிரி கழற்றினார்.

உள்ளே ஒட்ட வெட்டிய வெள்ளை முடி.

"எனக்கும் வீங்குச்சு மோகனாக்கா," என்றார். "உங்களுக்காவது மூஞ்சியோட போச்சு. நான் ஐ.சி.யூ.ல கெடந்தேன்."

"அடப்பாவி! அப்புறம் எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்துனீங்க? ஒரு வார்த்த வெளியில சொல்லியிருக்கலாமே!"

"யாருகிட்டக்கா சொல்றது? பரிசோதிக்கிறவளே நான்தானே."

அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தார். இன்னொரு விக். பெட்டிமேல் 'நூறு விழுக்காடு இயற்கை மனித முடி. கோயில் காணிக்கை முடியில் செய்தது' என்று போட்டிருந்தது. எந்த ஊரிலோ எவளோ ஒருத்தி சாமிக்கு உண்மையாகவே கொடுத்த முடி. அதை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டேன். என்ன செய்வது, பிரியாவின் படிப்பு இருக்கிறதே. மேடம் அட்டையை வைத்துப் பார்த்து, "எண் ஒன்று. நேர்த்தி," என்று எழுதினார். ஒப்பந்தம் வந்துவிட்டது. வீட்டில் தியாகராஜன் பாயசம் வைத்தார். நான் விக்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குடித்தேன். இனிக்கவில்லை.

இப்படியே ஓட்டியிருப்பேன். ஆனால் போன வாரம் ஓர் அம்மாள் கவுண்டருக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணமாம். அவருக்கும் மகளுக்கும் சேர்த்துத் தலைக்கு வேண்டுமாம். இயக்குநர் யாரோ விருந்தாளிகளுக்குக் கவுண்டரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஜெயலெட்சுமி மேடம்.

அந்த அம்மாள் சிவப்பு மருதாணியைக் கையில் எடுத்தவர், என் தலையைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தார். "உங்க முடி எவ்ளோ அழகா இருக்கு! இதுக்கு என்ன போடுறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் முந்திக்கொண்டார். "நம்ம கறுப்பு மருதாணிதான்! நூறு விழுக்காடு இயற்கை. எங்க ஊழியரே சாட்சி."

அந்த அம்மாள் இரண்டு கறுப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். ஒன்று தனக்கு, ஒன்று மணப்பெண்ணுக்கு. பைக்குள் போட்டுவிட்டுப் பணத்தை நீட்டினார். எனக்குத் தீபாவளியன்று கண்ணாடியில் பார்த்த முகம்தான் தெரிந்தது. அந்த முகத்தோடு ஒரு பெண் மணவறையில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு கையையும் காதுக்கு மேலே வைத்தேன்.

"அக்கா, இது என் முடி இல்ல," என்றேன். கழற்றி, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அந்தக் கால்மிதிமேல் வைத்தேன். என் தலையில் அரிசி தூவிய மாதிரி வெள்ளை முளைத்திருந்தது. "அந்தப் பொட்டலம் வேணாம். என் காதுக்குப் பின்னால பாருங்க, தழும்பு இன்னும் போகல."

இயக்குநர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை, ஒப்பந்தத்தைப் பற்றித்தான் இருக்கும். அந்த அம்மாள் என் காதைப் பார்த்துவிட்டு, இரண்டு பொட்டலத்தையும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஜெயலெட்சுமி மேடம் பழக்கதோஷத்தில் அட்டையை எடுத்து, பெட்டிக்குள் கிடந்த விக்கையும் கால்மிதியையும் ஒத்துப் பார்த்தார். இரண்டும் எண் ஒன்றுதான். அட்டையை மேசைமேல் வைத்தார். அப்புறம் அவருடைய இரண்டு கையும் மெதுவாகக் காதுப் பக்கம் போயின.